‘ஓய்வெடுக்கலாம்’ என்று நான் எழுதிய பலகை: மண்டகப்பட்டு, வல்லம், திண்டிவனம்

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு பெண் கேட்ட கேள்வி. பத்தொன்பது நாள் அதற்குப் பதில் போடாமல் இருந்தேன். இருபதாம் நாள், ஆடி வெள்ளிக்கிழமை, விழுப்புரம் புதிய பஸ் நிலையத்தில் காலை 6.20 மணி செஞ்சி பஸ்ஸில் ஏறினேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: வளைகுடா நாடுகளில் தொழிற்கூடங்களிலும் வேலையாட்கள் தங்கும் இடங்களிலும் மாட்டுகிற அரபி அறிவிப்புகளை ஆங்கிலத்தில் மாற்றித் தருவது என் பிழைப்பு. சென்னையில் இருக்கும் ஒரு ஏஜென்சி கோப்பு அனுப்பும், நான் விழுப்புரத்தில் வாடகை அறையில் உட்கார்ந்து மாற்றி அனுப்புவேன். சொந்த ஊர் கோட்டக்குப்பம். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஐந்து வயதிலேயே மதரசாவில் அரபி எழுத்தைக் கூட்டிப் படிப்பார்கள்; பலருக்கு அர்த்தம் தெரியாது. எனக்கு அர்த்தம் வந்தது, வளைகுடாவில் ஒரு சூப்பர் மார்க்கெட் கவுன்டரில் மூன்று வருடம் நின்றபோது. சுவரில் இருப்பதையெல்லாம் படித்துக்கொண்டே இருப்பேன். ‘மம்னூ’ என்றால் தடை. ‘முஅத்தல்’ என்றால் பழுது, லிஃப்டில் ஒட்டியிருப்பார்கள். ‘அர்ரஜா’ என்றால் தயவுசெய்து.

இரண்டு மாதம் முன்பு என் வேலையைப் பற்றி இங்கே ஒரு பெருமைப் பதிவு போட்டேன், ஞாபகம் இருக்கலாம். நான் மாற்றிய பலகை ஒன்றின் படத்தையும் சேர்த்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டு ஒரு செய்தி வந்தது.

“சார், இதே போர்டு என் வீட்டுக்காரர் ஏழுமலை வேலை செஞ்ச சைட்ல இருந்தது. மேல அரபியில இருக்கறதும் கீழ இங்கிலீஷ்ல இருக்கறதும் ஒண்ணுதானா? மங்கை, வல்லம் பக்கம்.” ஊர்ப் பெயரும் எழுதியிருந்தார். கூடவே ஒரு படம். தலையில் மஞ்சள் தொப்பியோடு ஒரு ஆள், ஒரு கையைப் பலகைமேல் போட்டுக்கொண்டு சிரிக்கிறார்.

பழைய கோப்பைத் திறந்து பார்த்தேன். அரபி வாசகத்தை ஒழுங்காகத் தமிழில் சொன்னால் இது: “பகல் 12.30 முதல் 3.00 வரை தொழிலாளர்களை வெயிலில் வேலை வாங்குவது தடைசெய்யப்பட்டுள்ளது.” அந்த நாட்டின் கோடைக்காலச் சட்டம் அது. முதலாளிக்குப் போட்ட தடை. கீழே நான் கொடுத்திருந்த ஆங்கிலம்: “ஒர்க்கர்ஸ் மே கைன்ட்லி டேக் ரெஸ்ட்.” அந்த நேரத்தில் தொழிலாளர்கள் ஓய்வெடுத்துக்கொள்ளலாம். முதலாளியைக் காணோம். தடையையும் காணோம். சட்டத்தைச் சலுகையாக்கிக் கொடுத்திருக்கிறேன்.

ஒன்றுதானா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்ற ஒரு சொல் போதும். எனக்கு அது வரவில்லை.

பஸ்ஸில் நிற்க இடமில்லை. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகும் கூட்டம், மஞ்சள் புடவைகள், மடியில் எலுமிச்சம்பழப் பைகள். நேராக வல்லம் போவதென்றால் திண்டிவனம் வழியாகப் போவது எளிது. நான் செஞ்சி வழியைப் பிடித்ததற்கு மண்டகப்பட்டு ஒரு சாக்கு. பல்லவர் குகையைப் பற்றி எழுதச் சொல்லி உங்களில் மூன்று பேர் கேட்டிருந்தீர்கள், எனக்கும் வசதியாகப் போயிற்று. மங்கைக்கு முன்கூட்டி போன் செய்யவும் இல்லை. வீடு பூட்டியிருந்தால் ‘வந்தேன், ஆள் இல்லை’ என்று திரும்பிவிடலாம் என்ற எண்ணம் உள்ளே இருந்தது.

மண்டகப்பட்டு விழுப்புரத்திலிருந்து 20 கிலோமீட்டர், டிக்கெட் 17 ரூபாய். 6.55க்கு இறங்கினேன். சாலையிலிருந்து வயல் ஓரமாகப் பத்து நிமிட நடை. குகை சின்னது. முன்பக்கம் இரண்டு துவாரபாலகர்கள், உள்ளே மூன்று வெற்று மாடங்கள். அனுமதிச் சீட்டு கிடையாது, குடிக்கத் தண்ணீரும் கிடையாது, கொண்டு போங்கள். தூணில் மகேந்திரவர்மனின் கல்வெட்டு இருக்கிறது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் கட்டியது என்று சொல்கிற கல்வெட்டு. நான்கு ‘இல்லாமல்’. ஒன்றைக்கூட மழுப்பவில்லை. என் ஏஜென்சிக்கு இதை அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ‘இல்லை’, ‘கூடாது’, ‘தடை’ போன்ற சொற்களைத் தவிர்க்கவும் என்று எங்களுக்கு ஒரு விதித்தாள் உண்டு. வாடிக்கையாளர் முகம் சுளிக்காத ஆங்கிலம் வேண்டும் என்பார்கள். நிழலில் குளுகுளுவென்று உட்கார்ந்து அவர்களை நன்றாகத் திட்டினேன். யாருடைய வெயிலில் யார் நாகரிகம் காட்டுவது என்றெல்லாம் மனதுக்குள் இந்தப் பதிவை எழுதிக்கொண்டிருந்தேன்.

அங்கேயே கைபேசியில் தேதியைப் பார்த்தேன். விதித்தாள் எனக்கு வந்தது அந்தப் பலகையை முடித்து நான்கு மாதம் கழித்து.

யாரும் சொல்லவில்லை. நானாக எழுதியது. பள்ளிக்கூடத்தில் நாம் கற்றது விடுப்புக் கடித ஆங்கிலம். மேலே இருப்பவரிடம் தலை சொறிந்து நிற்கிற ஆங்கிலம். கைன்ட்லி, மே, ரெக்வஸ்ட். அது போட்டால்தான் நமக்கு எழுத்து நன்றாக இருப்பதாகத் தோன்றும். அந்த அரபிப் பலகையில் ‘அர்ரஜா’ என்ற சொல்லே இல்லை. தயவை நான் சேர்த்தேன்.

8.20க்குச் செஞ்சி பஸ். 8.55க்குச் செஞ்சியில் நான்கு இட்லி. 9.25க்குத் திண்டிவனம் பஸ் ஏறி 9.50க்கு வல்லத்தில் இறங்கினேன். அங்கிருந்து மங்கையின் ஊர் 3 கிலோமீட்டர். ஷேர் ஆட்டோ நிறைய ஆள் சேர்ந்தால்தான் கிளம்பும். தனியாகப் போக 60 ரூபாய் பேசி ஏறினேன். ஓட்டுநருக்கு நாற்பது வயது இருக்கும்.

“ஏழுமலை வூடா? நீங்க இன்னா, லோனுக்கு வந்த ஆளா?”

“இல்லைண்ணா. தெரிஞ்சவங்க.”

“தெரிஞ்சவங்களா? வெள்ளிக்கெழம அவன் ஊர்ல இருக்க மாட்டான்னு தெரியாதா? செவ்வா, வெள்ளி திண்டிவனம். மெஷின்ல படுக்கணும் இல்ல. கிட்னி ரெண்டும் அவுட்டு.” வண்டியைக் கிளப்பிக்கொண்டே சொன்னார். “வேணும்னா வூட்டப் பாத்துட்டு வருவோம் வாங்க. பூட்டித்தான் கெடக்கும்.”

பூட்டித்தான் கிடந்தது. நான் ஆசைப்பட்டபடியே. ஓட்டுநர் இறங்கிப் பீடி பற்றவைத்தார்.

“எப்படி ஆச்சுண்ணா அவருக்கு?”

“எப்படி ஆச்சு? பேராச. அங்க கம்பெனிக்காரன் போர்டே வெச்சிருக்கான் தம்பி. மத்தியானம் ரெஸ்ட் எடுத்துக்கலாம்னு இங்கிலீஷ்ல பளிச்சுனு போட்டிருக்கான். எங்க ஊரு வாட்சப் குரூப்ல அந்த போட்டோ இருக்கு, வேணும்னா காட்டறேன். ரெண்டு கோட காலம் இவன் வெய்யில்லியே நின்னுக்கினு இருந்திருக்கான், ஓவர்டைமுக்காக. ஒரு நாள் பொத்துனு வுழுந்தான். அனுப்பி வுட்டானுங்க.”

“அவரே அப்படிச் சொன்னாரா?”

“அவன் இன்னாத்தச் சொல்லுவான்? வாயே தொறக்க மாட்டான். ஓவர்டைம் கூலின்னு இங்க அவனுக்கு அதான் பேரு. ரெஸ்ட்டு எடுடா கூலின்னு பசங்க கிண்டல் பண்ணுவானுங்க. நான்கூட பண்ணுவேன், சும்மா தமாசுக்கு.”

பலகையை எழுதியவன் அவர் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தான். “போலாம்ணா” என்றேன். திரும்பி வல்லம் வந்ததும், காத்திருந்ததற்கும் சேர்த்து 140 வாங்கிக்கொண்டார். நியாயம்தான்.

இங்கிருந்து விழுப்புரம் திரும்பியிருக்கலாம். செஞ்சிப் பக்கம் போகும் பஸ் ஒன்று எதிரே நின்றது. அதை விட்டேன், அடுத்து இன்னொன்றையும் விட்டேன். 10.45க்குத் திண்டிவனம் பஸ் வந்ததும் ஏறினேன். 11.20க்குத் திண்டிவனம்.

அரசு மருத்துவமனைக்கு நடந்தே போகலாம், பதினைந்து நிமிடம். சிறுநீரகப் பிரிவுக்கு வெளியே தகரக் கொட்டகையில் கூட வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மங்கையைக் கண்டுபிடிப்பதில் சிரமமில்லை. செய்தியோடு வந்திருந்த அவருடைய முகப்புப் படத்தில் இருந்த அதே பச்சைப் புடவை. முப்பது வயது இருக்கலாம். நான் பெயரைச் சொன்னதும் எழுந்துவிட்டார்.

“போர்டு சாரா? இம்மாந் தூரம் வந்தீங்களா? பதிலே வர்ல, நம்பர் தப்போன்னு நெனச்சேன். உக்காருங்க சார். சாப்ட்டீங்களா? அம்மன் கோயில்ல கூழ் ஊத்தறாங்க, வாங்கியாந்தேன். அவருக்கு ஆவாது, நீங்க குடிங்க.”

கேப்பைக் கூழ், தூக்குச்சட்டி நிறைய. பக்கத்தில் சின்ன வெங்காயம். முதலில் சொல்லிவிட்டுப் பிறகு குடித்திருக்க வேண்டும். நான் குடித்துவிட்டுச் சொன்னேன். இதை எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது.

“அக்கா, ரெண்டும் ஒண்ணு இல்ல.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார். அரபியில் இருப்பதைத் தமிழில் சொன்னேன். பிறகு ஆங்கிலத்தில் இருப்பதைச் சொன்னேன்.

“அப்ப இவரு வேல செய்யக் கூடாதுன்னா போட்டிருந்தது?”

“இவரை வேலை வாங்கக் கூடாதுன்னு. தடை அவங்களுக்கு.”

“எவன் அப்படி மாத்தி எழுதுனது? கம்பெனிக்காரனா?”

“நான்தான்க்கா.”

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம். சுற்றி இருந்தவர்களை ஒருமுறை பார்த்தார். அப்புறம் தாழ்ந்த குரலில் சொன்னார்: “நான் அவரப் பேசாத பேச்சு இல்ல. நாலு மாசமா. உன் பேராசதான்யா நம்மள தெருவுக்குக் கொண்டாந்துதுன்னு. கைய நீட்டிக் காட்டிச் சொல்லியிருக்கேன், அந்த போட்டோவ வெச்சிக்கினு.”

அதற்குப் பிறகு என்னைச் சார் என்று கூப்பிடவில்லை.

ஏழுமலை 1.40க்கு வெளியே வந்தார். படத்தில் இருந்த ஆளில் பாதி. கையில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. மங்கை அவரைப் பெஞ்சில் உட்காரவைத்து, “இவரு சொல்றத கேளு” என்று மட்டும் சொன்னார். நான் மறுபடி ஆரம்பத்திலிருந்து சொன்னேன். அவர் நடுவில் ஒருமுறை கையைத் தூக்கி நிறுத்தினார்.

“ஃபோர்மேன் அந்த போர்டாண்ட கூட்டிக்கினு போய் வெரல வெச்சிக் காட்டுவான். மே, மே, பாருடா, மேன்னா உன் இஷ்டம். இஷ்டம்னா உக்காரு. உக்கார்ற ஆளுக்கு அடுத்த வருசம் விசா இல்ல, அது என் இஷ்டம். அப்டின்னுவான். இருவது பேரு நின்னோம்.”

“அரபி தெரிஞ்ச யாரும் இல்லையாண்ணா?”

“தெரிஞ்சவன் ஏசி ரூம்ல இருந்தான்.” கொஞ்ச நேரம் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். “யாரு சொல்லி அப்டி எழுதுனீங்க?”

ஏஜென்சி என்று சொல்லியிருக்கலாம். விதித்தாளைக் கைபேசியில் காட்டியிருக்கலாம், தேதி அவருக்குத் தெரியப்போவதில்லை.

“யாரும் சொல்லலண்ணா. அப்படி எழுதினா நல்லா இருக்கும்னு நெனச்சேன்.”

“நல்லாத்தான் இருந்துது. நான்கூட அதாண்ட நின்னு போட்டோ புடிச்சி அனுப்பினேன். மரியாதையா எழுதியிருக்கான்னு சொல்லி.” அவர் கோபத்தில் சொல்லவில்லை. சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டார். மங்கை மூடியில் அளந்து ஒரு மூடி ஊற்றினார். ஒரு நாளைக்கு இத்தனை மூடிதான் என்று கணக்காம்.

மங்கை கைபேசியை எடுத்தார். “ஊரு குரூப்ல அந்த போட்டோ இருக்குது. அதுக்குக் கீழ நீங்களே பேசிப் போடுங்க. நான் சொன்னா, புருசன தாங்கறான்னுவாங்க.”

ஒலிப்பதிவை அழுத்திப் பேசினேன். “வணக்கம். அந்த அறிவிப்புப் பலகையின் ஆங்கில வாசகத்தில் ஒரு தவறு நேர்ந்துவிட்டது...”

“நேர்ந்துட்ச்சா?” மங்கை பாதியில் நிறுத்தினார். “மழ பெஞ்சிட்ச்சுங்கற மாரி சொல்றீங்க? யாரு பண்ணது? அதச் சொல்லுங்க.”

இரண்டாவது முறை, “மொழிபெயர்ப்பாளர் செய்த தவறு” என்றேன். “அந்த ஆளுக்குப் பேரு இல்லியா?” என்றார். பக்கத்துப் பெஞ்சில் ஒருவர் சிரித்தேவிட்டார். மூன்றாவது முறைதான் சரியாக வந்தது. “என் பேர் சாதிக், கோட்டக்குப்பம். அந்த இங்கிலீஷ நான்தான் எழுதினேன். தப்பா எழுதினேன். அரபியில, மத்தியானம் ஆள வெயில்ல வேலை வாங்கக் கூடாதுன்னு சட்டம் போட்டிருக்கு. ஏழுமலை அண்ணன் ஆசைப்பட்டு நிக்கல. நிக்கவெச்சாங்க. நிக்கவெக்க என் எழுத்தைக் காட்டினாங்க.” நாற்பது நொடி. மங்கை அதைக் குரூப்பில் போட்டார். பிழைப்பே சொல் பொறுக்குவதுதான் என்று சொல்லித் திரிகிறவனுக்கு, எட்டாவது வரை படித்த மங்கை இரண்டு தடவை திருத்திக் கொடுக்க வேண்டியிருந்தது.

பஸ் நிலையம் வரை அவர்களோடு நடந்தேன். ஏழுமலைக்கு அந்தப் பதினைந்து நிமிட நடை அரை மணி ஆயிற்று. ஆட்டோ பிடிக்கட்டுமா என்றேன், வேண்டாம் என்றார். 3.00 மணி செஞ்சி பஸ்ஸில் அவர்களை ஏற்றிவிட்டு, 3.35க்கு விழுப்புரம் பஸ் பிடித்தேன். 40 கிலோமீட்டர், ஒரு மணி நேரம்.

மாலை மங்கை போன் செய்தார். வல்லத்தில் இறங்கியபோது அந்த ஆட்டோக்காரர் நின்றிருந்தாராம். “சாரி கீரி ஒண்ணும் சொல்லல. வந்து பைய வாங்கினான். காசு குடுத்தா வாங்கல. ஊரு வர வாயத் தொறக்கல. இவரு சிரிக்கிறாரு, அவன் பேசாம வந்தத இப்பதான் பாக்கறேன்னு.” பிறகு, “நீங்க செஞ்சது செஞ்சதுதான், அதுல ஒண்ணும் மாத்தம் இல்ல” என்று சொல்லிவிட்டு வைத்தார்.

இந்த வழியில் போக நினைப்பவர்களுக்குச் சில தகவல்கள். ஆடி வெள்ளிகளில் செஞ்சி பஸ்களைத் தவிர்த்துவிடுங்கள், நிற்கவே முடியாது. மண்டகப்பட்டுக்குக் காலை எட்டு மணிக்குள் போய்விட்டால் வெளிச்சம் நேராக உள்ளே விழும். திருவக்கரை கல்மரப் பூங்காவையும் அதே நாளில் சேர்க்கத் திட்டமிட்டேன், முடியவில்லை. அதற்குத் தனி நாள் ஒதுக்குங்கள். ஆட்டோவில் ஏறும் முன் காத்திருப்புக்கும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள்.

வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு: மேலே இருக்கும் அரபிதான் அங்கே சட்டம். கீழே இருக்கும் ஆங்கிலம் என்னைப் போல எவனாவது அறையில் உட்கார்ந்து எழுதியது. படம் எடுத்து, அரபி தெரிந்த இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். என்னைப் போல இந்த வேலை செய்கிறவர்களுக்கு: தடை என்றால் தடை என்று எழுதுங்கள். யாருக்குத் தடை என்பதையும் எழுதுங்கள். ஏஜென்சிக்கு நான் திருத்திய வாசகத்தை அனுப்பிவிட்டேன். “பழைய கோப்புகளை மீண்டும் திறப்பதில்லை” என்று ஒரு வரியில் பதில் வந்தது. பலகை வைத்த நிறுவனத்துக்கே நேராக எழுதினேன். அங்கிருந்து பதில் இல்லை. அந்தப் பலகை இன்றைக்கும் அங்கே வெயிலில் நிற்கிறது, கீழே யாராவது நிற்கிறார்கள்.

நேற்று ஏழுமலை அவர் எண்ணிலிருந்து முதல்முறையாகக் கூப்பிட்டார். ஊருக்கு அனுப்பும்போது நான்கு பக்க அரபித் தாளில் கையெழுத்து வாங்கினார்களாம். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டு இதுவரை யாரிடமும் காட்டியதில்லை. பயம். படம் எடுத்து அனுப்பியிருந்தார்.

“வரிக்கு வரி சொல்லுங்க. எனக்கு நல்லா இருக்கணும்னு எதுவும் சேக்காதீங்க. இருக்கறத சொல்லுங்க” என்றார்.

முதல் பக்கம் திரையில் திறந்திருக்கிறது. முதல் வரியைப் படித்துவிட்டேன். அது அவருக்கு நல்லதாக இல்லை. இந்தப் பதிவை வெளியிட்டுவிட்டு அவரைக் கூப்பிடப் போகிறேன்.